மேஜர் நின்ற இடமெல்லாம்

வேம்புக்கு நாய் என்றாலே குலை நடுங்கும். அவளுக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது, தம்பி சாமிதுரையைத் தெருவில் போன நாய் ஒன்று கணுக்காலில் கடித்தது. சின்னக் கீறல்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார்கள், ஆறிப்போனது. ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் பையன் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டான். அதற்குப் பிறகு தண்ணீரைப் பார்த்தாலே அவனுக்குத் தொண்டை இழுத்துக்கொண்டது. குடிசைக்கு முன்னால் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தமே அவனுக்கு ஆகவில்லை. அப்பா மண்ணை வெட்டிப்போட்டு வாய்க்காலை அடைத்தார். வயலுக்குப் பாய்ச்சல் நின்றுபோனதென்று பண்ணையில் அவருக்கு அடி விழுந்தது. மறுநாள் பையன் செத்துப்போனான். வேம்பு எல்லாவற்றையும் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நோயின் பெயரை அதன் பிறகு அவள் வாயால் சொன்னதில்லை.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் இலந்தங்குடி. திருவிடைமருதூரிலிருந்து காவிரிக் கரையோடு கிழக்கே நடந்தால் வந்துவிடும். அவள் புருஷன் ரெத்தினம் சிங்காரவேலு மிராசுதாரிடம் பண்ணையாள். வேம்பு அதே பண்ணையில் மாட்டுக்கொட்டகை வேலை பார்த்தாள். விடிவதற்குள் போய்ச் சாணி அள்ளி, மூத்திரக் கால்வாயைக் கழுவிவிட்டு, தண்ணி காட்டி, வைக்கோல் போட வேண்டும். குடியிருந்த குடிசை, அது நின்ற மண், எல்லாம் மிராசுதாருடையது. அவர் போ என்றால் போக வேண்டியதுதான்.

அண்ணா மறைந்த மறு வருஷம் அது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஊருக்கு ஊர் செங்கொடி ஏறியிருந்தது. கேட்டவர்களை விட்டுவிட்டு மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுத்தார்கள். கிழக்கே வெண்மணியில் குடிசையோடு ஆட்களை எரித்து இரண்டு வருஷம் நிறையவில்லை. இலந்தங்குடிச் சேரியில் யாரும் நிம்மதியாகக் கண்ணை மூடவில்லை. ஓலை சரசரத்தால்கூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்து நின்றார்கள்.

பண்ணை வீட்டிலும் தூக்கம் இல்லை. எங்கேயோ ஒரு மிராசுதாரை வயலில் வைத்து வெட்டிவிட்டார்கள் என்று பேச்சு. யாரை, எந்த ஊரில் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. ஆனாலும் சிங்காரவேலு பொழுது சாய்ந்தால் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டார். அந்த வைகாசியில்தான் திருச்சியிலிருந்து ஒரு அல்சேஷன் நாயை வாங்கி வந்தார். முன்பு அதை வளர்த்தவர் ரயில்வே அதிகாரி, அவர் வைத்த பேர் மேஜர். கறுப்பு முதுகு, காது இரண்டும் குத்திட்டு நிற்கும். அதைப் பார்த்துக்கொள்ள மணப்பாறைப் பக்கத்து ஆள் ஒருவனும் கூடவே வந்தான்.

அவன் காலையும் மாலையும் நாயை நடத்திப் போவான். சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, தலை நிமிர்ந்து நிற்கும்படி இழுத்துப் பிடித்துக்கொண்டு, பெரிய தெரு வழியாகப் போய் சேரி முனை வரை வந்து திரும்புவான். நாய் மூக்கைத் தரையில் வைத்தால் போதும், சுண்டி இழுப்பான். நிமிர்ந்து நடந்தால்தான் பார்க்கிறவனுக்குப் பயம் வரும் என்பது மிராசுதாரின் உத்தரவு. மற்ற நேரமெல்லாம் மாட்டுக்கொட்டகைக்கு அடுத்திருந்த வைக்கோல் அறையில் அதைக் கட்டிவைத்தார்கள்.

நாலைந்து வாரத்தில் அந்த நாய் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கட்டின இடத்திலேயே வட்டம் வட்டமாகச் சுற்றும். சோற்றை வைத்தால் பார்க்காது. காற்றடித்தால் குரைக்கும், தேங்காய் மட்டை விழுந்தால் குரைக்கும், குரைக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. முன்னங்காலைத் தானே கடித்துக் கடித்து மயிர் போய்ச் சதை தெரிந்தது. சாணி அள்ளும்போது தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் அது தன் காலைக் கடிக்கும் சத்தம் வேம்புக்குக் கேட்கும். கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடலாமா என்று இருக்கும்.

ஆனி மாதம் களத்துமேட்டில் நல்லக்கண்ணுவை அது கெண்டைக்காலில் கவ்வியது. நல்லக்கண்ணு ரெத்தினத்தின் கூட்டாளி, சங்கத்தில் முன்னால் நிற்கிறவர். சும்மா நடந்துதான் போனார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டு வந்தார். புண் மட்டும் ஆறுவேனா என்றது. அடுத்த வாரம் மணப்பாறை ஆளின் கையையே அது பதம் பார்த்தது. அவன் மறுநாள் காலையில் ஊரில் இல்லை.

மிராசுதார் கொட்டகைக்கு வந்து, தூரத்தில் நின்றபடியே வேம்புவைக் கூப்பிட்டார். நாளையிலிருந்து நாயை அவள்தான் நடத்த வேண்டும் என்றார். மாடு பார்க்கிறவளுக்கு நாய் பார்க்கத் தெரியாதா என்றார்.

வேம்பு கையெடுத்துக் கும்பிட்டாள். "எனக்கு நாயின்னா ரொம்பப் பயங்க. வேற எந்த வேலை சொன்னாலும் செய்யிறேனுங்க."

"அப்ப வீட்டைக் காலி பண்ணிக்க," என்றார் அவர். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி ரெத்தினத்திடம் சொன்னாள். அவன் போகாதே என்றான். குடிசையைப் பிரித்துப் போட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று கேட்டாள். 

காலையில் மாடு கட்டும் தாம்புக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டாள், இருந்ததிலேயே நீளமானதை. நாயின் சங்கிலி அறைக்கு வெளியே தூணில் மாட்டியிருந்தது. கயிற்றின் ஒரு முனையைச் சங்கிலியில் முடிந்தாள். கயிறு முழுவதையும் விட்டுவிட்டு, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, கழியால் சங்கிலியைத் தூணிலிருந்து நெம்பிவிட்டாள். நாய் வெளியே வந்தது. அவளை ஒரு தடவை பார்த்தது. அவள் கால் இரண்டும் தரையில் ஊன்றிப்போய்விட்டன. 

நாய் அவளை விட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் நடந்தது. பெரிய தெரு வழியாக நாய் போகலாம், அவள் போகக்கூடாது. அதனால் வயற்காட்டு வழியைத் தவிர வேறு வழி இல்லை. நாய் முன்னால், கயிற்றின் நீளத்துக்குப் பின்னால் அவள். வாய்க்கால் கரையில் முதல் பனைமரத்தடியில் அது நின்றது, மூக்கைத் தரையில் வைத்தது. அவளுக்கு இழுக்கத் தைரியம் இல்லை. இழுத்தால் திரும்பும், திரும்பினால் கடிக்கும், கடித்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே நின்றாள்.

நாய் மரத்தைச் சுற்றி ஒவ்வொரு வேராக மோந்தது. புஸ் புஸ் என்று மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு வரப்பில் ஏறி ஒரு நண்டு வளையில் மூக்கை நுழைத்து அப்படியே நின்றது. அப்புறம் மதகு, அப்புறம் யாரோ மாடு கட்டியிருந்த முளை, கொக்கு எச்சம் போட்ட கல். ஒவ்வொன்றிலும் நின்றது. ஒவ்வொன்றிலும் அவளும் நின்றாள். வயலில் இருந்தவர்கள் பார்த்ததும் எழுந்து ஓடினார்கள். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. நாய் எப்போது திரும்பியதோ அப்போதுதான் அவளும் திரும்பினாள். அறைக்குள் போனதும் அது இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் படுத்தது. அவள் கொட்டகையின் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

இப்படித்தான் தினமும் நடந்தது. அவள் ஒரு தடவைகூடக் கயிற்றை இழுக்கவில்லை. அன்பினால் அல்ல, பயத்தினால். நாய் போன வழி அவள் வழி, அது நின்ற இடமெல்லாம் அவளும் நின்றாள்.

ஆடி மாதம் நடவு நடந்த சமயத்தில் அவள் ஒன்றைக் கவனித்தாள். தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் காலைக் கடிக்கும் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். நாய் நான்கு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. சோற்றுச் சட்டி காலியாக இருந்தது. கொஞ்ச நாளில் அந்தக் காலில் புது மயிர் முளைத்தது. தேங்காய் மட்டை விழுந்தால் காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டது. இருந்தாலும் அவளுக்குப் பயம் குறையவில்லை. அந்த அமைதியே அவளுக்கு வேறு விதமான பயத்தைக் கொடுத்தது.

திருவிடைமருதூர் மாட்டாஸ்பத்திரியின் கம்பவுண்டர் இப்ராஹிம், கறவை மாட்டுக்கு ஊசி போட வந்தார். முன்பு நாயின் கால் புண்ணுக்கு மருந்து கொடுத்துச் சலித்துப்போனவர் அவர்தான். காலைப் பார்த்துவிட்டு என்ன மருந்து போட்டாய் என்று கேட்டார். ஒன்றும் போடவில்லை என்றாள். எப்படி நடத்துகிறாய் என்று கேட்டார். சொன்னாள். இழுக்கப் பயம் என்பதையும் சொன்னாள்.

இப்ராஹிம் சிரித்தார். "நமக்குக் கண்ணு எப்படியோ அதுக்கு மூக்கு அப்படிம்மா. இந்த வரப்புல நேத்து எது போச்சு, எது பயந்து ஓடிச்சு, எல்லாம் அதுக்கு மோந்து பாத்தாத் தெரிஞ்சிரும். தலையத் தூக்கிப் பிடிச்சு நடத்துறது, உன் கண்ணைக் கட்டித் தேர்க் கூட்டத்துல இழுத்துட்டுப் போற மாதிரி. யாரு இடிக்கிறா, யாரு அடிக்க வர்றான்னு தெரியாம நீ என்ன செய்வ? கையில பட்டதக் கடிப்ப."

"இவ்வளவு பெரிசு, இதுக்கு என்னங்க பயம்?" என்று கேட்டாள் வேம்பு.

கடிக்கிற நாயில் பாதிக்கு மேல் பயந்த நாய்தான் என்றார் அவர். நாயை எவ்வளவு தூரம் ஓட்டினாலும் கால்தான் அலுக்கும். அதன் இஷ்டத்துக்கு நின்று மோந்து வந்தால்தான் மனசு அடங்கும், இந்தக் கால் புண்ணும் மனசு அடங்காததால் வந்ததுதான் என்றும் சொன்னார். அன்றைக்குப் பிறகு நாயின் மூச்சுச் சத்தத்தை வேம்பு வேறு மாதிரி கேட்டாள். அது ஒரு பயந்த உயிர் என்று நினைத்துப் பார்த்தாள். நினைத்ததால் பயம் போய்விடவில்லை, ஆனால் கயிற்றைக் கொஞ்சம் சுருக்கிப் பிடிக்க முடிந்தது.

நாய் அடங்கியது மிராசுதாருக்குப் பிடிக்கவில்லை. ராத்திரி குரைக்காத நாய் எதற்கு என்று கேட்டார். இவள் பச்சிலை எதையோ அரைத்துச் சோற்றில் போட்டுவிட்டாள், சங்கத்து ஆட்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்றார் காரியஸ்தர் நடராசன். சேரியில் பேச்சு வேறு விதமாக இருந்தது. வரப்பு வரப்பாக நாயோடு சுற்றுகிறாள், யார் யார் எங்கே கூடிப் பேசுகிறார்கள் என்று பண்ணைக்குச் சொல்லத்தான் சுற்றுகிறாள் என்றார்கள். நல்லக்கண்ணுவின் பெண்டாட்டி பொன்னுத்தாய் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக வேம்புக்குத் தோன்றியது.

புரட்டாசி பிறந்தது. குறுவை முற்றிச் சாய்ந்துவிட்டது, வானம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது. கூலி பேசி முடிக்காமல் அரிவாளைத் தொடுவதில்லை என்று சங்கம் முடிவு செய்தது. வெளியூர் ஆட்களுக்குச் சொல்லிவிட்டதாகப் பண்ணையிலும் பேச்சு. மிராசுதார் கொட்டகைக்கு வந்து, அறுப்பு நாள் வரை நாயை வெளியே கொண்டுபோகக் கூடாது என்றார். அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். சோறும் பாதிதான். வரப்பில் உட்கார்ந்து மறிக்கிறவர்கள்மேல் அதை அவிழ்த்துவிடுவது என்று காரியஸ்தரிடம் அவர் சொன்னது வேம்புவின் காதில் நன்றாகவே விழுந்தது. அவள் கேட்கட்டும் என்றுதான் சொன்னாரோ என்னவோ.

இரண்டாம் நாளே அது மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டது. நாலாம் நாள் தட்டிக்கு அந்தப் பக்கம் காலைக் கடிக்கும் சத்தம் திரும்பக் கேட்டது. புது மயிர் முளைத்த இடம் மறுபடி ரத்தமாகிப்போனது. வேம்பு வீட்டுக்கு வந்து ரெத்தினத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறிக்கிற கூட்டத்தில் அவனும் முன்வரிசை. மறுநாள் சாயங்காலம் அவன் மடியிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்தான். நெல்லுக்கு அடிக்கிற பூச்சி மருந்து.

"சோத்துல ஊத்தி வச்சிரு," என்றான். "அதா நாமளான்னு வந்துருச்சு."

 அவன் சீசாவைக் கூரையில் செருகிவிட்டுப் போனான். கொல்ல வேண்டுமே என்று ஒரு பயம், கொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பயம், செத்துப்போனால் யார் செய்தது என்று மிராசுதார் கேட்கும் முதல் ஆள் தான்தான் என்று இன்னொரு பயம். பிள்ளை கை எட்டிவிடுமோ என்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுப்பு நாளன்று வழக்கம்போல இருட்டோடு எழுந்து கொட்டகைக்குப் போனாள். இடுப்பில் சீசா இருந்தது. பழைய சோற்றில் ஊற்றி உருட்டினாள். கதவைக் கொஞ்சம் திறந்து, உருண்டையை உள்ளே தள்ளினாள். நாய் எழுந்து வந்தது. மூக்கை உருண்டைக்கு மேலே கொண்டுவந்தது, உடனே பின்வாங்கியது. அந்த மருந்தின் நாற்றம் அவளுக்கே குமட்டியது. நாய் சோற்றை விட்டு அவளிடம் வந்தது. சேலை முந்தியை மோந்தது, காலை மோந்தது, முழங்காலை மோந்தது. வரப்பில் மரங்களை மோந்ததுபோல அவசரம் இல்லாமல் மோந்தது. பிறகு உருண்டை பிடித்த கைக்கு வந்து நாக்கை நீட்டியது.

வேம்பு கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அது நக்கிவிடுமே என்றுதான் இழுத்தாள். தன்னைக் கடித்துவிடுமே என்று அந்த ஒரு கணம் அவளுக்குத் தோன்றவில்லை. அதை அவள் பிறகுதான் யோசித்தாள்.

உருண்டையைக் கழியால் வெளியே தள்ளி, எருக்குழிக்குள் ஆழமாகப் புதைத்தாள். சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அப்புறம் தாம்புக் கயிற்றை எடுத்தாள். எங்கே போவது என்று அவளுக்கு ஒரே ஒரு இடம்தான் தெரியும்.

காவிரிக் கரைக்கு ஏறும்வரை யாரும் பார்க்கவில்லை. ஆனால் நாய் நகரவில்லை. அத்தனை நாள் இருட்டில் கிடந்துவிட்டு வந்தது, ஒவ்வொரு புதரையும் மோந்தது. எருக்கஞ்செடியின் ஒவ்வொரு இலையாக மோந்தது. ஓடிப் போகவேண்டிய நேரத்தில் அது ஒரு கீரி போன தடத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அலைந்தது. கிழக்கே வெளுக்கத் தொடங்கிவிட்டது. பண்ணையில் விளக்கு எரிவது மரங்களுக்கு நடுவில் தெரிந்தது. இழுத்தால் வந்துவிடலாம், ஆனால் அதன் முன்னங்கால் புண்ணாக இருந்தது. இழுத்தால் கடித்துவிடும் என்று அவள் உடம்பு முழுவதும் சொன்னது. போ சாமி, போ சாமி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றாள். அது நிமிர்ந்து நாலு எட்டு வைக்கும். அப்பாடா என்று அவளும் வைப்பாள். மறுபடி நிற்கும். ஒரு படித்துறையில் அது நின்ற நேரத்தில் அவள் மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள்.

ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டது. வெளியூர் ஆட்கள் வந்துவிட்டார்கள். ரோட்டை விட்டுக் கரைக்கு ஏறி, குறுக்கு வழியாக எதிரே ஒரு சைக்கிள் வந்தது. லாரிக்கு வழிகாட்டப் போயிருந்த நடராசன்.

"எங்கடி கொண்டுபோற?" என்று கேட்டு ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

 நாயின் முதுகு மயிர் சிலிர்த்தது, தொண்டையிலிருந்து உறுமல் வந்தது. பட்டினியாலும் தாகத்தாலும் அதன் வாயில் எச்சில் நூலாக வழிந்துகொண்டிருந்தது. நடராசன் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை வேம்பு பார்த்தாள். இத்தனை வருஷமாகச் சொல்லாத அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

"வெறி பிடிச்சிருக்குமோன்னு பயமா இருக்குங்க. சோறும் திங்கல, தன் காலையே கடிக்குதுங்க. மாட்டாஸ்பத்திரில காட்டப் போறேனுங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்குத் தம்பியின் முகம் வந்தது. அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த அழுகை நடிப்பு இல்லை, அதனால்தான் நடராசன் நம்பினார். சைக்கிளை அப்படியே கரைச் சரிவில் இறக்கி, கீழே பள்ளத்தோடு தள்ளிக்கொண்டு போனார். கயிற்றை விட்டுடாத, விட்டுடாத என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாட்டாஸ்பத்திரி திறந்து இப்ராஹிம் பெருக்கிக்கொண்டிருந்தார். வேம்பு அவரிடம் மட்டும் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் முகம் வெளிறியது. மிராசுதாருக்கு ஆபீசர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், ஒரு வார்த்தை சொன்னால் இவரை ராமநாதபுரம் பக்கம் தூக்கிப்போட்டுவிடுவார்கள். கொஞ்ச நேரம் நாயின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பின்பக்கம் இருந்த கம்பிக் கூண்டில் அதை விட்டுத் தண்ணீர் வைத்தார். நாய் குடித்து முடிக்கும்வரை வேம்பு கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"வெறி இருக்கா இல்லையான்னு பத்து நாள் வச்சுப் பாத்தாத்தான் தெரியும்," என்றார் இப்ராஹிம். "அதுக்கு முன்னாடி இல்லன்னு யாராலயும் சொல்ல முடியாது. நான் பொய் சொல்லப் போறதில்ல, இதத்தான் சொல்லப் போறேன்."

மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது அறுப்பு நின்றுபோயிருந்தது. போலீஸ் வந்து மறித்தவர்களை அடித்து வேனில் ஏற்றியிருந்தார்கள். ரெத்தினமும் நல்லக்கண்ணுவும் அதில் போய்விட்டார்கள். வெளியூர் ஆட்கள் போலீஸைக் கண்டு மிரண்டு, லாரியிலேயே திரும்பிவிட்டார்கள். வேம்பு கொட்டகை ஓரமாக ஒடுங்கி நின்றாள். மிராசுதார் வந்தார். அவர் அடிப்பார், குடிசையை எரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்தச் சொன்ன அன்னிக்கு அது தலையத் தடவினேன்," என்றார். "கையில ஒரு கீறல் இருந்துச்சு. அதனால ஒண்ணும் வராதுல்ல?"

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் ஒரு விஷயம் கேட்டது அன்றைக்குத்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் வராதுங்க என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் எல்லாம் வெளிப்பட்டுவிடும். தெரியலைங்க என்றாள்.

அன்றே அவர் ஊசி போட்டுக்கொள்ளத் தஞ்சாவூர் போய்விட்டார். அறுக்காத நெல்லின் மேல் மழை இறங்கியது. கும்பகோணத்தில் தாசில்தார் கூட்டிய பேச்சுவார்த்தைக்கு மிராசுதார் தொப்புளைச் சுற்றி ஊசி வீக்கத்தோடு வந்து உட்கார்ந்தார், அதிகம் வாதாடவில்லை என்று கேள்விப்பட்டார்கள். கேட்டதில் பாதிக்குமேல் கூலி கூடியது. பிடித்துப் போனவர்களை விட்டார்கள். நாய்க்கு ஒன்றும் இல்லை என்று இப்ராஹிம் சொல்லி அனுப்பிய பிறகும் மிராசுதாருக்கு அதன் பெயரைக் கேட்கப் பிடிக்கவில்லை. அங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் என்னவோ செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மேஜர் மாட்டாஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. காலையில் இப்ராஹிம் காவிரிக் கரையில் அதை நடத்திப் போவார், அரை மைல் போய்வர வெயில் ஏறிவிடும் என்று ஊரில் சிரிப்பார்கள்.

ரெத்தினம் வெளியே வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டே, மருந்தை வைத்தாயா என்று கேட்டான். வைத்தேன், தின்னவில்லை, நடத்திக் கூட்டிப் போய்விட்டேன் என்றாள். நாய் எங்கே போயிற்று என்று ஜெயிலுக்குள்ளே அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் கை சோற்றில் நின்றது. அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் போலீஸைப் பார்க்கவில்லை, பண்ணைக் கொல்லையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொன்னான். நல்லக்கண்ணுவின் கடிபட்ட கால் தானாக ஆடிக்கொண்டே இருந்ததாம். இவன்தான் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டானாம்.

"நாய் வரலன்னதும் மிராசுதாருக்கு மனசு எளகிருச்சுன்னு பேசிக்கிட்டோம்," என்றான்.

நடந்ததை வெளியே சொல்ல வேண்டாம் என்று வேம்பு அவனிடம் கேட்டுக்கொண்டாள். மிராசுதார் காதுக்குப் போய்விடும் என்ற பயம் அவளுக்கு இருந்தது. மறு வருஷம் குடியிருப்புச் சட்டம் வந்து, குடிசை இருந்த மண்ணுக்குப் பட்டா கிடைத்த பிறகுதான் அந்தப் பயம் கொஞ்சம் விட்டது. அதற்கப்புறம் அவள் சொந்தமாக ஒரு கிடேரி வாங்கினாள். அதற்குச் சுகமில்லை என்றால் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போவாள்.

நாய்ப் பயம் அவளுக்குக் கடைசிவரை போகவில்லை. தெருநாய் எதிரே வந்தால் பக்கத்து வாசலில் ஏறிக்கொள்வாள். மேஜரிடமும் அப்படித்தான். அது கிழடாகிக் கண் மங்கிப்போன பிறகும், அவள் மாட்டோடு ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்தால் எழுந்து வந்துவிடும். காலிலிருந்து ஆரம்பிக்கும், சேலை ஓரம், முழங்கை, மாட்டின் கயிறு, மறுபடி கால். வேம்பு கையை இறுக மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போதும் வா என்று இப்ராஹிம் அதைக் கூப்பிடப் போனால் அவள் வேண்டாம் என்று தலையாட்டுவாள். அது மோந்து முடித்துத் தானாகத் திரும்பிப் போய்ப் படுக்கும்வரை அவள் நகரமாட்டாள்.